பரிசு பெற்றோரின் கைகளால் வரட்டும்



திருவருகைக் காலத்தின் நாட்கள் ஒவ்வொன்றாய்க் கழிந்து, ஆண்டவர் இயேசுவின் பிறப்புப் பெருவிழா நம்மை அண்மித்துக்கொண்டிருக்கிறது. ஆலயங்களில் பாலன் குடில் அமைப்பதற்கான வைக்கோலும் பச்சிலையும் சேர்க்கப்படுகின்றன. பாடகர் குழுவினர் மாலை வேளைகளில் ஒத்திகைக்குக் கூடுகின்றனர். வீடுகளில் மூத்தவர்கள் தமது சிறுபராயத்து நத்தாரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்குகின்றனர். இவ்வாரம் அந்தப் பேச்சுக்குச் சற்றே செவிகொடுப்போம். ஏனெனில், நமது பங்குகளில் இந்நாட்களில் நடைபெறும் ஒரு காரியத்தைச் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு அது நமக்கு உதவும்.

கொழும்பில் வளர்ந்த முதியவர்களைப் பேசவிட்டால், அவர்களது நினைவு பெரும்பாலும் கோட்டையின் யோர்க் வீதிக்கே செல்லும். கார்கில்ஸ், மில்லர்ஸ், வைட்டவேஸ் என்னும் பெரும் வர்த்தக நிலையங்கள் கோட்டைப் பகுதியில் பெயர்பெற்று விளங்கிய காலம் அது. 1844ஆம் ஆண்டில் ஆரம்பமான கார்கில்ஸ் நிறுவனம் 1906ஆம் ஆண்டில் திறந்த செந்நிறக் கட்டடம் இன்றும் அவ்வீதியில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் வளைவுகளுக்குக் கீழே நடந்து, கண்ணாடிக் காட்சிப் பேழைகளைக் கடந்து, டிசம்பர் மாதத்தில் விளையாட்டுப் பொருட்கள் அடுக்கப்பட்டிருந்த பகுதிக்குச் சென்றதைச் சொல்லும்போது எழுபது, எண்பது வயதுக் கண்களில் ஓர் ஒளி தோன்றும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தவரான பிராங்க் ஹோர்ன்பி 1901ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மெக்கானோ இரும்புத் துண்டுகள், அவரது நிறுவனமே பின்னர் செய்த, சாவி கொடுத்தால் ஓடும் தகரப் புகையிரதங்கள், கண்ணை மூடித் திறக்கும் பொம்மைகள், உள்ளங்கைக்குள் அடங்கும் டிங்கி மோட்டார் வண்டிகள் என்று அவர்களது பட்டியல் நீளும்.

ஆனால் அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “அந்த ஆண்டு உங்களுக்கு என்ன வாங்கித் தந்தார்கள்?” என்று கேளுங்கள். பலர் சற்றுத் தயங்குவர். சிலர் ஒன்றும் வாங்கவில்லை என்பர். வேறு சிலர் ஒரு பலூனோ ஓர் ஊதுகுழலோ கிடைத்தது என்பர். வாங்கிய பொருள் மங்கிப்போயிருக்கும். ஆனால் தந்தையின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அன்றைக்கென்று அவர் உடுத்தியிருந்த வெள்ளை உடுப்பும், திரும்பும் வழியில் பஸ்ஸில் அம்மாவின் மடியில் உறங்கிப்போனதும் அப்படியே இருக்கும். ஐந்து வயதில் பார்த்ததை எண்பது வயதில் சொல்லும் ஒருவர், பொருளை விட்டுவிட்டு அந்தக் கையை நினைவில் வைத்திருக்கிறார். இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பெரும் அங்காடிகள் என்னும் இந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் உருவான ஒன்று. பாரிஸ் நகரத்தில் 1852ஆம் ஆண்டுமுதல் அரிஸ்டைட் பூசிக்கோ என்பவர் வளர்த்தெடுத்த பொன் மார்ஷே என்னும் நிலையம் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. அங்கே பேரம் பேசும் வழக்கம் ஒழிந்தது. ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதி ஒட்டப்பட்டது. எவரும் உள்ளே நுழையலாம், வாங்காமலே சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறலாம் என்பதும் அவ்வகை நிலையங்களால் பரவிய வழக்கமே. அதற்கு முன்னர் கடைக்குள் கால் வைத்தவர் ஏதேனும் வாங்கியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் பெரும்பாலும் இருந்தது. பார்ப்பதற்குப் பணம் வேண்டாம் என்ற இந்த வழக்கத்தினாலேயே வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் அந்தப் பொருட்களுக்கு முன்னால் நின்று வியக்க முடிந்தது. அதே வழக்கம் வாங்க இயலாத தந்தையை விலைச் சீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது என்பதும் உண்மை.

நத்தார் தாத்தாவும் இவ்வாறே கடைக்குள் வந்து சேர்ந்தார். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள புரொக்டன் நகரில் ஜேம்ஸ் எட்கர் என்னும் கடை உரிமையாளர் 1890ஆம் ஆண்டில் நத்தார் தாத்தாவின் உடையணிந்து பிள்ளைகளோடு உரையாடியதே இவ்வழக்கத்தின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் பிள்ளைகளை நேசித்த நல்ல மனிதர் என்றே நினைவுகூரப்படுகிறார். அவரது வழியைப் பின்பற்றிய கடைகளோ, நத்தார் தாத்தாவை விற்பனைக்கான ஒரு துணையாகவே காலப்போக்கில் ஆக்கிக்கொண்டன.

நத்தார் தாத்தாவின் உருவத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை நாம் அறிவோம். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மீரா என்னும் நகரின் ஆயராயிருந்த புனித நிக்கலஸ் அவர். டிசம்பர் 6ஆம் திகதி திருச்சபை அவரது நினைவைக் கொண்டாடுகிறது. அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் கதையொன்று உண்டு. வறுமையில் வீழ்ந்த ஒரு தந்தை, தம் மூன்று பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்க வழியின்றித் தவித்தார். அதை அறிந்த நிக்கலஸ், இரவு வேளையில் எவரும் காணாதவாறு பொன் முடிப்பை அவ்வீட்டின் சாளரத்தின் வழியாக உள்ளே போட்டுச் சென்றார்.

இந்தக் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் அதில் ஒரு நுட்பத்தைக் கவனியாது விட்டுவிடுகிறோம். நிக்கலஸ் அந்தப் பெண்பிள்ளைகளை ஆலய முற்றத்துக்கு அழைத்து, வரிசையில் நிறுத்தி, ஊரார் முன்னிலையில் பொன்னைக் கொடுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் பொன்னைப் போட்டார். மறுநாள் காலையில் அதை எடுத்துத் தம் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தவர் அவளைப் பெற்ற தந்தையே. உதவி ஆயரிடமிருந்து வந்தது. ஆனால் மகளின் கையில் அதை வைத்தது தந்தையின் கை. வறுமையினால் தலைகுனிந்திருந்த அந்த மனிதர், தம் பிள்ளைகளுக்கு முன்னால் மீண்டும் ஒரு தந்தையாக நிமிர்ந்து நின்றார். பொன்னோடு சேர்த்து நிக்கலஸ் கொடுத்த இரண்டாவது கொடை அது.

கோட்டை வர்த்தக நிலையங்களின் நினைவு, நம்மில் பெரும்பாலானோரின் நினைவு அன்று என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். மலையகத் தோட்ட லயன்களில் வளர்ந்த பிள்ளைக்கும், மன்னார்க் கரையின் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் யோர்க் வீதி எட்டாத உலகமாகவே இருந்தது. 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கொழும்புப் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டு விளையாட்டுப் பொருட்கள் அரிதாயின. 1983 யூலையின் தீயில் கொழும்புத் தமிழர் பலரது வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அவற்றோடு பிள்ளைகளின் பொம்மைகளும் எரிந்தன. 1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி மத்திய வங்கிக் கட்டடத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின் பின்னர், கோட்டைப் பகுதி வீதித் தடைகளும் சோதனைச் சாவடிகளும் நிறைந்த இடமாயிற்று. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கச் செல்லும் இடமாக அது நெடுங்காலம் இருக்கவில்லை.

வடக்கில் நிலைமை இதனினும் கடியது. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள், மின்கலம் முதலான பொருட்கள் செல்வது தடைசெய்யப்பட்டது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். மின்கலமே இல்லாத ஊரில் மின்கலத்தில் ஓடும் பொம்மைக்கு ஏது இடம்? அக்காலத்தில் அங்கே சிறுவனாயிருந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் நத்தார் விடியலில் ஓடிய மோட்டார் வண்டிகள் பால்மா ரின்னை வெட்டிச் செய்யப்பட்டவை. தேய்ந்த றப்பர்ச் செருப்பை வட்டமாக அறுத்து அவற்றுக்குச் சில்லுப் பூட்டியிருந்தார்கள். நுங்குக் காலம் வந்தால் இரண்டு கோம்பைகளை ஒரு தடியில் கொழுவி, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஓடுவோம். அவற்றைச் செய்து தந்தவர்கள் எங்கள் தந்தையரும் மாமன்மாரும். ஒன்று உடைந்தால் மறுநாள் இன்னொன்று வரும்.

1997ஆம் ஆண்டில் கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அந்த டிசம்பரில் கொழும்பின் பெரிய கடையொன்றில் விளையாட்டுப் பொருட்களின் பகுதியை முதன்முதலாகக் கண்டேன். விளையாட்டுப் பொருளுக்குரிய வயதைக் கடந்துவிட்டிருந்தேன். அம்மா ஒரு சிறிய புகையிரதத்தைக் கையிலெடுத்து, விலையைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். “நீ சின்னனாய் இருக்கேக்கை இதுகளொண்டும் வாங்கித் தர ஏலாமல் போச்சுதப்பு” என்றார். எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. ஆனால் அம்மாவின் நெஞ்சில் அது ஏழு ஆண்டுகளாக இருந்திருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க இயலாமற் போகும்போது பிள்ளையைவிடப் பெற்றவர்களே நெடுநாள் வருந்துகிறார்கள் என்பதை அன்று கண்டேன். பங்குப் பணியில் சந்தித்த எத்தனையோ தாய் தந்தையரிடம் இதே வருத்தத்தைப் பின்னர் கண்டிருக்கிறேன்.

விளையாட்டு ஒரு சிறிய விடயம், ஆன்மீகப் பகுதியில் எழுத வேண்டிய விடயமா என்று சிலர் எண்ணக்கூடும். விவிலியம் அவ்வாறு எண்ணவில்லை. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள், இடிந்து கிடந்த எருசலேமைக் கண்டு மனந்தளர்ந்திருந்த நாட்களில், இறைவாக்கினர் செக்கரியா வழியாக ஆண்டவர் ஒரு காட்சியை வாக்களித்தார். அந்த நகரின் தெருக்களில் முதிர்ந்த வயதினால் கையில் கோலூன்றிய கிழவரும் கிழவியரும் மீண்டும் அமர்ந்திருப்பர். அதே தெருக்கள் விளையாடும் சிறுவராலும் சிறுமியராலும் நிறைந்திருக்கும் என்பதே அந்த வாக்கு (செக்கரியா 8:4-5). உயர்ந்த மதில்களையோ வலிமைமிக்க படையையோ சமாதானத்தின் அடையாளமாக ஆண்டவர் அங்கே காட்டவில்லை. முதியவர்கள் பார்த்திருக்கப் பிள்ளைகள் விளையாடும் ஒரு தெருவைக் காட்டினார். இடம்பெயர்ந்து மீண்ட நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாக்கு வேறில்லை.

நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில், உலகம் படைக்கப்பட்டபோது இறைவனின் ஞானம் அவர் முன்னிலையில் மகிழ்ந்து களித்ததாகச் சொல்லப்படுகிறது. சந்தைவெளியில் உட்கார்ந்து குழலூதிக் கல்யாண விளையாட்டும், ஒப்பாரி பாடிச் சாவீட்டு விளையாட்டும் விளையாடிய பிள்ளைகளை ஆண்டவர் இயேசு கவனித்திருக்கிறார். தம் போதனையில் அவர்களை உவமையாகவும் எடுத்தாண்டார் (மத்தேயு 11:16-17). பிள்ளைகளின் விளையாட்டை நின்று பார்த்தவரால்தான் அவ்வாறு பேசமுடியும். 1989ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்கிறது. 1991ஆம் ஆண்டில் இலங்கை அதை ஏற்று உறுதிசெய்தது. அவ்வாண்டில் வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகள் பதுங்குகுழிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நாம் மறப்பதற்கில்லை.

இன்னொரு நத்தாரையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, திருச்சபை திருக்குடும்பப் பெருவிழாவைக் கொண்டாடிய நாள். முந்திய நாள் கிடைத்த புத்தாடைகளோடும் பரிசுகளோடும் பிள்ளைகள் மகிழ்ந்திருந்த காலையில் ஆழிப்பேரலை வந்தது. நம் நாட்டில் மாத்திரம் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அதன்பின் உலகெங்குமிருந்து நிவாரணப் பொருட்கள் வந்து குவிந்தன. அவற்றிடையே பொம்மைகளும் வந்தன. அனுப்பியவர்களின் அன்பு பெரியது. ஆனால் தாயையும் தந்தையையும் இழந்த பிள்ளையின் மடியில் அந்தப் பொம்மை வைக்கப்பட்டபோது, அதைக் கொடுத்திருக்க வேண்டிய கை அங்கே இல்லை. பொருளால் நிரப்ப முடியாத இடம் ஒன்று உண்டு என்பதை அந்நாட்களில் முகாம்களில் பணிசெய்த துறவியரும் தொண்டர்களும் நன்கறிவர்.

அன்பானவர்களே, இவ்வளவையும் சொன்னதன் நோக்கத்துக்கு இப்போது வருகிறேன்.

2022ஆம் ஆண்டில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அந்த வேகம் தணிந்தது. ஆனால் ஏறிய விலைகள் முன்பிருந்த இடத்துக்கு இறங்கி வரவில்லை. நாட்கூலிக்குச் செல்பவரும், கடற்றொழிலாளரும், தோட்டத் தொழிலாளரும், கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்களும் இன்னும் அந்தச் சுமையைச் சுமக்கின்றனர். மறுபுறத்தில் கடைகள் நிறைந்திருக்கின்றன. புறக்கோட்டை நடைபாதைகளில் டிசம்பரில் பொம்மைகள் மலைபோற் குவிகின்றன. போர் முடிந்தபின் யாழ்ப்பாண நகரிலும் கார்கில்ஸ் பெயரைத் தாங்கிய பல்மாடிக் கட்டடம் எழுந்தது. பாட்டனுக்கு எட்டாதிருந்த அங்காடி இன்று பேரனுக்கு நடைதூரத்தில் இருக்கிறது. விலைச் சீட்டுக்கு முன்னால் நிற்கும் தந்தையின் நெஞ்சம் மாத்திரம் மாறவில்லை.

இந்தச் சூழலில் வசதியுள்ளவர்களும், புலம்பெயர்ந்த நம் உறவுகளும், பங்கு அமைப்புகளும் வறிய பிள்ளைகளுக்கு நத்தார்ப் பரிசு வழங்க முன்வருகின்றனர். அந்த நல்லெண்ணத்தை இறைவன் ஆசீர்வதிப்பாராக. ஆனால் அதைச் செய்யும் முறை நம்மைச் சிந்திக்க வைக்கிறது. மண்டபத்தில் பதாகை கட்டப்படுகிறது. அதில் கொடையாளரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்பட, பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடைக்கு வருகின்றனர். பரிசைக் கொடுப்பவரும் பெறுபவரும் புகைப்படக் கருவியைப் பார்க்கும்வரை பொதி இருவர் கையிலும் நிற்கிறது. அன்று மாலையே அந்தப் படம் முகநூலில் ஏறிவிடுகிறது. மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவோரமாக, அந்தப் பிள்ளையின் தந்தை கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவரை எவரும் பார்ப்பதில்லை. தம் பிள்ளைக்குத் தம்மால் கொடுக்க இயலாததை இன்னொருவர் கொடுப்பதை ஊரறியப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த மனிதருக்கு அந்த நத்தார் எப்படிப்பட்ட நத்தாராயிருக்கும்?

பிள்ளைகளும் வளர்வார்கள். எட்டு வயதில் மகிழ்ச்சியோடு மேடையேறிய பிள்ளை, பதினாறு வயதில் அந்தப் படத்தைப் பார்க்கும்போது, அதில் தன் வறுமையைக் காணும். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று நம் ஆண்டவர் கற்பித்தது கொடுப்பவரின் தாழ்ச்சிக்காக மட்டுமன்று, பெறுபவரின் மானத்தைக் காப்பதற்காகவும் என்று கொள்வது பொருந்தும் (மத்தேயு 6:3-4).

ஆகவே இவ்வாண்டு நம் பங்குகள் புனித நிக்கலஸின் வழியைப் பின்பற்றலாகாதா? கடினமான காரியம் ஒன்றுமில்லை. பரிசுப் பொருட்களைப் பிள்ளைகளுக்கு நேரே கொடுக்காமல், நத்தாருக்குச் சில நாட்கள் முன்னதாக, அமைதியாகப் பெற்றோரிடம் ஒப்படையுங்கள். இயன்றால் பல பொருட்களை ஓரிடத்தில் வைத்து, தம் பிள்ளைக்கு ஏற்றதைத் தாயோ தந்தையோ தாமே தெரிவுசெய்ய விடுங்கள். சுற்றிக் கட்டுவதற்கான வர்ணத் தாளையும் அவர்களிடமே கொடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதை எந்தக் கொடையாளரையும்விட அவர்களே அறிவர். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், அந்தப் பொதி தாயின் கையிலிருந்து பிள்ளையின் கைக்குச் செல்லட்டும். யார் தந்தது என்று பிள்ளை கேட்டால், என்ன சொல்வதென்பதை அந்தத் தாயே தீர்மானிக்கட்டும்.

இது புதிய முறையன்று. 1833ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் முக்திப்பேறு பெற்ற பிரடெரிக் ஓசானாமும் அவரது தோழர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபையினர், தொடக்கமுதல் வறியவரின் வீட்டுக்குச் சென்று சந்திப்பதையே தம் பணியின் அடிப்படையாகக் கொண்டனர். வறியவரை நம் வாசலுக்கு வரவழைப்பதற்கும், நாம் அவரது வாசலுக்குச் செல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நம் பங்குகள் பலவற்றில் இச்சபையினர் இன்றும் பணிசெய்கின்றனர். அவர்களிடம் கேட்டால், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எவருக்கு எது தேவை என்பதைப் பதாகையின்றியே சொல்வார்கள்.

பெற்றோராகிய உங்களுக்கும் ஒரு வார்த்தை. நத்தார்ப் பரிசுக்காக நகையை அடகு வைக்காதீர்கள், நுண்கடன் வாங்காதீர்கள். பொம்மை தையில் உடைந்துவிடும்; தவணை ஆடிவரைக்கும் வரும். வாங்க இயலவில்லையென்றால் வெட்கப்படவும் வேண்டாம். குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்தில் காணிக்கையாக்கிய நாளில், யோசேப்பும் மரியாவும் செலுத்தியது வறியவர்களுக்கென்று திருச்சட்டம் வகுத்திருந்த பறவைக் காணிக்கை என்று லூக்கா குறிப்பிடுகிறார் (லூக்கா 2:24). ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்றவர்கள் செலுத்துவது அது (லேவியர் 12:8). இறைமகனின் வளர்ப்புத் தந்தையும் இயலாமையின் முன்னே நின்றவரே. இயன்றதைக் கொடுத்தார், இறைவன் ஏற்றுக்கொண்டார்.

கடைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லப் பயப்படவும் வேண்டாம். ஒரு மாலை வேளையில் கையைப் பிடித்துக்கொண்டு சென்று, பார்த்துவிட்டு வாருங்கள். “இன்றைக்கு வாங்குவதில்லை, பார்க்க மட்டும்தான்” என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். ஆசைப்பட்டதெல்லாம் அக்கணமே கைக்கு வரவேண்டியதில்லை என்று பிள்ளை கற்றுக்கொள்வது நல்லது. திருவருகைக் காலம் முழுவதும் திருச்சபை நமக்குக் கற்பிப்பதும் காத்திருக்கும் அதே பாடத்தைத்தான். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் கைத்தொலைபேசி பைக்குள் இருக்கட்டும். பிள்ளை எதைக் காட்டி வியக்கிறதோ அதை நீங்களும் பாருங்கள். இன்னும் அறுபது ஆண்டுகளின் பின் அவன் தன் பேரப்பிள்ளைக்குச் சொல்லப்போவது அந்த மாலையைப் பற்றியாக இருக்கலாம்.

வீட்டில் விளையாட்டுப் பொருட்கள் நிறைந்து வழியும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகள் தம்மிடமுள்ளவற்றில் ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்துக் கொடுக்கட்டும். சில்லுக் கழன்ற வண்டியையும் கண் போன பொம்மையையும் ஒதுக்கித் தள்ளுவது கொடையாகாது. கொடுக்கும்போது சற்று மனம் நோகும் பொருளே கொடை. கீழ்த்திசை ஞானியர் பெத்லகேமுக்குக் கொண்டுவந்தவை அத்தகைய பொருட்களே. அவர்கள் வீட்டுக்குள் சென்று, பிள்ளையை அதன் தாய் மரியாவுடன் கண்டு, அங்கேயே தம் பேழைகளைத் திறந்தார்கள் என்று மத்தேயு எழுதுகிறார் (மத்தேயு 2:11). முதல் நத்தார்ப் பரிசும் ஒரு வீட்டுக்குள்ளே, தாயின் அருகில் வைத்தே கொடுக்கப்பட்டது.

பிள்ளை அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கும் தந்தை உண்டோ என்று ஆண்டவர் ஒருமுறை வினவினார் (மத்தேயு 7:9-11). கொடுக்கும் தந்தையின் முகத்திலேயே விண்ணகத் தந்தையை நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆகவே ஓர் ஏழைத் தந்தையிடமிருந்து கொடுக்கும் வாய்ப்பை நாம் எடுத்துக்கொண்டால், அவரது பிள்ளை விண்ணகத் தந்தையைக் கண்டுகொள்ளும் ஒரு வழியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம். அந்த வாய்ப்பை அவருக்குத் திருப்பிக் கொடுப்பதே இவ்வாண்டு நாம் அளிக்கக்கூடிய சிறந்த நத்தார்ப் பரிசு.

இவ்வாரத்திலேயே உங்கள் பங்குத் தந்தையோடும் பங்கு மேய்ப்புப்பணிச் சபையோடும் இதைப் பற்றிப் பேசுங்கள். பரிசுப் பட்டியலில் பிள்ளைகளின் பெயர்களுக்கு அருகே பெற்றோரின் பெயர்களையும் எழுதுங்கள். பதாகைக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் பரிசு வாங்குங்கள்.

மாட்டுத் தொழுவில் ஏழைத் தாயின் கரங்களில் தம்மை ஒப்படைத்த இறைமகன், உங்கள் இல்லங்களையும், அவற்றில் விளையாடும் மழலைகளையும், அவர்களை வளர்க்கும் கரங்களையும் ஆசீர்வதிப்பாராக. யாவருக்கும் இனிய நத்தார் நல்வாழ்த்துகள்.